சவுண்டு ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்கிறது, டிஎஸ்பி போட்டால் சரியாகுமா?

ஓரளவுக்குச் சரியாகும். டிஎஸ்பி என்பது ஒலி சிக்னலை ஸ்பீக்கருக்குப் போகும் முன்னால் கணக்குப் போட்டு மாற்றும் சிப். முதலில் ஆம்பை அணைத்துவிட்டு, வூஃபரின் (பாஸ் ஸ்பீக்கரின்) கூம்பை, அதாவது கோனை, இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். சர்ரென்று உரசினால் கோனை ஆட்டும் கம்பிச் சுருளான காயில் தேய்கிறது, அதற்கு எந்த டிஎஸ்பியும் மருந்தில்லை.

உரசலில்லை என்றால் அனேகமாகக் கோன் தாங்கும் தூரத்துக்கு மேல் ஓடுகிறது. காயில் காந்த இடைவெளியை விட்டு நகர நகர இழுவிசை குறையும், கோனைப் பிடித்திருக்கும் ஸ்பைடரும் சரவுண்டும் விறைத்துக்கொள்ளும், உள்ளே போன சைன் அலை தலை நசுங்கி வெளியே வரும். அதே சத்தத்துக்கு, மூடிய பெட்டியில், 80 ஹெர்ட்ஸை விட 40 ஹெர்ட்ஸில் கோன் 4 மடங்கு தூரம் போக வேண்டும். இது தெரியாத காலத்தில் நான் டிஎஸ்பி போர்டு வாங்கிய கையோடு 40 ஹெர்ட்ஸை 6 டெசிபல் தூக்கினேன். ஆம்ப் அங்கே 4 மடங்கு பவர் கொடுக்கிறது என்று அர்த்தம். ஆறரை இன்ச் வூஃபர் டப் டப்பென்று தட்ட ஆரம்பித்தது.

ஆகவே செய்ய வேண்டியது நேர் எதிர். என் பெட்டி 50 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆன, ஓட்டை (போர்ட்) வைத்த பெட்டி, அதற்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்காது, சும்மா ஆடும். 45 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழே இருப்பதை வெட்டும் ஃபில்டர்) போட்டேன், ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 24 டெசிபல். 30 ஹெர்ட்ஸையும் 600 ஹெர்ட்ஸையும் சேர்த்து அளவான சவுண்டில் ஓடவிட்டுக் கேளுங்கள்: ஃபில்டர் இல்லாதபோது 600 நடுங்கும், போட்டதும் நேராக நிற்கும். பாட்டில் குரல் கலங்குவதும் இதே நடுக்கம்தான்.

ஸ்பீக்கர் அலையை எப்படிக் கோணலாக்கும் என்று கணித்து, சிக்னலை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து அனுப்பும் முறையும் உண்டு. ஜெர்மனியில் வோல்ஃப்காங் கிளிப்பல் 1990களிலிருந்து செய்துவரும் வேலை அது. வீட்டில் ஒருமுறை அளந்து போட்டுவிட்டு விட முடியாது, காயில் 100 டிகிரி சூடேறினாலே செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 39 சதவீதம் ஏறிவிடும், கணக்கு தப்பிவிடும். கரண்டையும் வோல்டேஜையும் ஓடும்போதே அளக்கும் ஆம்ப் வேண்டும். செல்போன்களில் இருக்கும் ஸ்மார்ட் ஆம்ப் அப்படித்தான் குட்டி ஸ்பீக்கரை எரியாமல் காப்பாற்றுகிறது.

அப்புறம், ஈக்யூவில் (ஈக்வலைசரில்) எதைத் தூக்கினாலும் அதே அளவு இன்புட்டைக் குறையுங்கள். இல்லாவிட்டால் டிஎஸ்பிக்குள்ளேயே அலையின் தலை வெட்டுப்படும் (கிளிப் ஆகும்), நீங்கள் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.