அச்சடிச்ச காசு மேல மறுபடி அடிச்ச முத்திரை: கேள்வி பதில்

திருமங்கலம் தம்பி: அண்ணே, மதுரை திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரு அமெரிக்க சென்ட் பாத்தேன், லிங்கன் முகத்துக்கு எதிர்ல சின்னதா கென்னடி முகம். எரர் காயின், அதாவது காசு அடிக்கிற மின்ட்லயே தப்பா அடிச்சு வந்த காசுன்னு கடைக்காரர் 1,500 ரூபா சொல்றாரு. வாங்கலாமா?

வேணாம் தம்பி. மின்ட்ல இருந்து சாதா சென்ட்டாத்தான் வெளிய வந்துச்சு, அப்புறம் தனியார் ஆளுங்க அது மேல கென்னடி தலைய பஞ்ச் பண்ணி, அதாவது முத்திரையா குத்தி, ஒரு அட்டையில வச்சு வித்தாங்க, 70கள்ல அங்க செம ஓட்டம். லிங்கன், கென்னடி ரெண்டு பேரும் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதிங்க, அவங்களுக்குள்ள இருக்குற ஒத்துமைய அந்த அட்டையில வரிசையா போட்டிருப்பாங்க, லிங்கன் 1860ல ஜெயிச்சாரு கென்னடி 1960ல, ரெண்டு பேரையும் சுட்டது வெள்ளிக்கிழமை, ரெண்டு பேருக்கும் பின்னாடி வந்த ஜனாதிபதி பேரு ஜான்சன். இதெல்லாம் நிஜம். லிங்கனுக்கு கென்னடின்னு ஒரு செக்ரட்டரி இருந்தாருன்னும் போட்டிருக்கும், அதுக்கு மட்டும் ஆதாரம் கிடையாது. அங்க ஒன்னு ரெண்டு டாலருக்கே கிடைக்கிற சாமான் இது. அட்டையோட இருந்தா 200 வரைக்கும் குடுங்க, அட்டை இல்லாம அம்புட்டு கூட வேணாம்.

மேலூர் அக்கா: மின்ட்ல இருந்து வந்தப்புறம் அடிச்சதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்விக்கா. பத்து மடங்கு லென்ஸ் ஒன்னு வாங்கி வச்சுக்கங்க. மின்ட்ல ஒரு பக்கத்து டிசைன் மொத்தமும் ஒரே டையில (அச்சுல) இருக்கும், ஒரே அடியில விழும், அதுல எங்கயோ ஒரு மூலையில மட்டும் இன்னொரு தலை தானா வந்து உக்காராது. கென்னடி தலை 1964ல இருந்து அரை டாலர்ல இருக்கு, ஆனா அது சென்ட்ல அடங்காத சைஸு. அடுத்து முத்திரைய சுத்திப் பாருங்க, உலோகம் ஒதுங்கி மேடு தட்டியிருக்கும், பக்கத்து எழுத்து நசுங்கியிருக்கும். அப்படியே திருப்பி அதுக்கு நேர் பின்பக்கத்த விரலால தடவிப் பாருங்க, அங்க மட்டும் டிசைன் மழுங்கி சப்பையா இருந்துச்சுன்னா முடிஞ்சது கதை. காசு முழுக்க தேஞ்சு முத்திரை ஓரம் மட்டும் கூர்மையா இருந்தாலும் அதே முடிவுதான்.

உசிலம்பட்டியில இருந்து: தாத்தா வச்சிருந்த விக்டோரியா ரூபாயில அங்கங்க குத்து குத்தா இருக்கு. யாரும் கெடுத்துட்டாங்களா சார்?

கெடுக்கல சார், சோதிச்சிருக்காங்க. உள்ள வரைக்கும் வெள்ளிதானான்னு பாக்க அந்தக் காலத்து சராப்புங்க, அதாவது காசு மாத்துறவங்க, வச்ச குத்து அது. அந்த ரூபா 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி, அதனால உள்ள செம்பு வச்சு ஏமாத்துறவன் நிறைய. குத்து இல்லாத காசுக்கு விலை கூடதான், ஆனா எனக்கு குத்து வாங்குன காசு மேலதான் பிரியம், எத்தனை கை சந்தேகப்பட்டு எத்தனை கை நம்பியிருக்குன்னு அதுல தெரியும். புளி போட்டு மட்டும் தேச்சிராதீங்க.

நம்ம பக்கத்துல காசு மேல இப்படி அடிக்கிறது புதுசும் இல்ல, 1898ல புதுக்கோட்டையில கிடைச்ச ரோமானிய தங்கக் காசுகள்ல பெரும்பாலானதுல ராஜா முகத்துக்கு குறுக்க உளி வெட்டு இருக்கு. அரசாங்கமே அடிச்சதும் உண்டு, 1797ல இங்கிலாந்துல வெள்ளிக்காசு தட்டுப்பாடு வந்தப்ப ஸ்பெயின் டாலர் மேல மூன்றாம் ஜார்ஜ் தலைய சின்னதா குத்தி புழக்கத்துல விட்டாங்க. அதுல டூப்ளிகேட் ஜாஸ்தி, ஆன்லைன்ல பாத்ததும் பணத்த அனுப்பிராதீங்க.

சோழவந்தான் தம்பி: அண்ணே நானே பத்து ரூபா காசுல பாண்டியர் மீன் அடிச்சு வித்தா போகுமா? தெற்கு ஆவணி மூல வீதியில பஞ்ச் செஞ்சு தர ஆள் இருக்கு.

ஐடியா அருமை, ஆனா நம்ம ரூபா காச தொடாத. 2011 நாணயச் சட்டப்படி காச உருக்குறது, அழிக்கிறது எல்லாம் குற்றம், ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். அமெரிக்காவுல ஏமாத்துற நோக்கத்தோட மாத்துனாத்தான் குற்றம், அதனாலதான் அங்க இந்த வியாபாரம் ஓடுச்சு. நீ வெறும் செம்பு வில்லை வாங்கி மீன் அடி, செம்புல அச்சு அழகா இறங்கும், மதுரை ஞாபகார்த்தம்னு சொல்லி வித்துரு. மொத வில்லைய நானே வாங்கிக்கிறேன்.

அலங்காநல்லூர்ல இருந்து: வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாக்கு லட்சக்கணக்குல தர்றாங்களாமே?

தர மாட்டாங்க. அது மின்ட்ல அடிச்ச சாதாரண நினைவுக் காசு. மொதல்ல கமிஷன் கட்டுங்கன்னு கேப்பான், கட்டிராதீங்க. ரிசர்வ் பேங்க்கே 2021ல இதப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு.

மேலூர் அக்கா: இன்னொன்னு, எதுல போட்டு வைக்க?

பி.வி.சி. பிளாஸ்டிக் கவர் வேணாம்க்கா, நம்ம வெயிலுக்கு செம்புக்காசு மேல பச்சையா பிசுபிசுன்னு படியும். அட்டை ஹோல்டர் போதும். எடுக்கறப்ப ஓரத்த மட்டும் புடிங்க.