லெல்லோ புத்தகக்கடை: மூன்று சீட்டுகளில் ஒன்றின் தொகை மட்டும் கழிந்தது ஏன்?

நீங்கள் மூவரும் நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தும், புத்தகம் வாங்கியபோது ஒரு சீட்டின் தொகை மட்டுமே விலையில் கழிந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு புத்தகத்திற்கு ஒரு சீட்டின் தொகைதான் கழியும் என்பதே பெரும்பாலும் காரணம். மூவரின் சீட்டுகளையும் ஒரே புத்தகத்தின் பில்லில் சேர்க்கக் கேட்டதால்தான் மற்ற இரண்டும் ஏற்கப்படாமல் போயிருக்கும்.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலுள்ள இந்தக் கடை 2015 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. 1906-இல் திறந்த கட்டடத்தின் சிவப்புப் படிக்கட்டையும் கூரையின் வண்ணக் கண்ணாடியையும் படமெடுத்துவிட்டு, எதுவும் வாங்காமல் திரும்புவோர் பெருகியதன் விளைவு அது. கட்டிய தொகை புத்தகம் வாங்கினால்தான் கழியும். நினைவுப்பொருள்களுக்கு இச்சலுகை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

சீட்டோடு வந்த மின்னஞ்சலில் உள்ள நிபந்தனைகளைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை கழியாத மற்ற இரண்டு சீட்டுகளும் இன்னும் செல்லுமா என்பதும் அதில்தான் தெரியும்.

ஒன்று மட்டும்: சீட்டு வகைக்கேற்ப விதிகள் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும், ஆகவே நான் சொல்வதைவிடக் கடையின் இணையதளத்தில் இருப்பதே செல்லும்.

கட்டணமே உறுத்துகிறது என்றால் (எனக்கு உறுத்தவில்லை, நெரிசல்தான் உறுத்தியது), நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்திற்குள் இயங்கும் டொமினிகானன் புத்தகக்கடைக்கோ, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் பழைய நாடக அரங்கில் இயங்கும் எல் அத்தெனேயோவுக்கோ போகலாம்.