ஹாதார்ன் அறையில் கூலியும் மனமும்: கேள்வி பதில்

கேள்வி (மேலாண்மை முதலாண்டு மாணவி): விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற எண்ணமே தொழிலாளரை உழைக்க வைத்தது என்று ஹாதார்ன் ஆய்வை எங்கள் பாடநூல் இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. அவ்வளவுதானா, ஐயா?

பதில்: அந்த இரண்டு வரியில் விடுபட்டதுதான் முக்கியமானது, அம்மா. சிகாகோவை ஒட்டிய சிசரோவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1927 வரை நடந்தது வெளிச்ச ஆய்வு. இந்த ஆய்வோடு சேர்த்துப் பேசப்படும் ஆய்வாளர் எல்டன் மேயோவுக்கு அதில் பங்கில்லை. அவர் ஆலைக்கு முதன்முதலாக வந்ததே 1928-இல்தான். கூலியைவிட நல்லுறவே உழைக்க வைக்கிறது என்ற மனித உறவுக் கோட்பாட்டுக்கு அடித்தளமானது 1927 ஏப்ரலில் தொடங்கிய ரிலே (தொலைபேசி இணைப்புக்கான மின்சுவிட்சு) பொருத்தும் அறை. ஐந்து பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொரு ரிலேவையும் சுமார் ஒரு நிமிடத்தில் பொருத்தினார்கள். அவர்களுக்கு உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுக்க ஆறாவதாக ஒரு பெண் இருந்தார். முடித்த ரிலேவைப் பக்கத்திலுள்ள சரிவுக் குழாயில் போட்டவுடன் ஒரு கருவி காகித நாடாவில் துளையிட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும். இடைவேளை, சிற்றுண்டி, குறைந்த வேலை நேரம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள்; உற்பத்தி ஏறியது. 1928-இல் எல்லாச் சலுகைகளையும் நிறுத்தி, வாரம் 48 மணி நேரத்துக்குத் திரும்பியபோதும் வாராந்திர மொத்த உற்பத்தி குறையவில்லை. இதைத்தான் வியப்பாகச் சொல்வார்கள். ஆனால் அந்த வாரங்களில் மணிக்கு எத்தனை ரிலே என்று கணக்கிட்டால் வேகம் குறைந்திருந்தது.

பாடநூல் சொல்லாத இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது கூலி. பெரிய பிரிவில் நூறு பேருக்கு மேல் சேர்ந்த ஒரு குழுவின் உற்பத்தியை வைத்து ஊக்கத்தொகை பங்கிடப்பட்டது. சோதனை அறையில் அந்தக் குழு அந்தச் சிலராகச் சுருங்கியது. நூறு பேரில் ஒருத்தியாக வேகமாக உழைத்தால் கைக்கு வருவது ஒன்றுமில்லை. ஐவரில் ஒருத்தியாக உழைத்தால் சம்பளத்திலேயே தெரியும். இரண்டாவது, 1928 ஜனவரியில் பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்று சொல்லி இருவரை வெளியேற்றி, வேறு இருவரை அமர்த்தினார்கள். மீதிப் பேருக்கு அதிலிருந்து என்ன புரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஆய்வை எடுத்தாலும் ஆட்கள் எத்தனை பேர், கூலி எந்த முறையில் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: மேயோவை டாக்டர் என்று எழுதுகிறார்களே, அவர் மருத்துவரா?

பதில்: இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை முடிக்காமல் விட்டுப் பின்னர் தத்துவம் பயின்றார்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆலைச் சூப்பர்வைசர்): நீங்கள் எல்லாவற்றையும் கூலியில் கொண்டுபோய் நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். என் அனுபவத்தில், பெயர் சொல்லி அழைத்து, வீட்டு நலம் விசாரித்த ஒரே காரணத்துக்காக ஆட்கள் ஷிப்ட் முடிந்தும் நின்று வேலை பார்த்திருக்கிறார்கள். மேயோ கண்டது உண்மைதானே?

பதில்: உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மரியாதையாக நடத்தப்படுவது மனிதனுக்கு வேண்டும். அதற்கு உற்பத்திக் கணக்கைச் சான்றாகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மேயோவின் ஆதரவாளர்கள் அந்த மரியாதைதான் உற்பத்தியை உயர்த்தியது, கூலி அல்ல என்றார்கள். அது வேறு கூற்று. ஹாதார்னிலேயே இரண்டாவது ரிலே குழு ஒன்றுக்குக் கூலி முறையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி சுமார் 12 விழுக்காடு உயர்ந்தது, பழைய முறைக்குத் திரும்பியதும் சரிந்தது. 1967-இல் அலெக்ஸ் கேரி என்ற ஆய்வாளர் இந்தப் பதிவுகளையெல்லாம் மறுபடி படித்து, சான்றுகள் காட்டுவது பழைய கருத்தையே, அதாவது கூலியும் கண்டிப்பும் வேலை செய்தன என்பதையே என்று எழுதினார். அவர் சற்று மிகைப்படுத்தினார் என்பது என் கருத்து. ஆயினும் அவர் சுட்டிய ஓட்டைகளை யாரும் அடைத்துவிடவில்லை.

கேள்வி (அதே அன்பர்): அப்படியானால் மனிதன் காசுக்கு மட்டும் அசைகிற இயந்திரம் என்கிறீர்களா?

பதில்: அப்படி நான் சொல்லவே இல்லை. அதே ஆலையில் 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை கம்பி இணைக்கும் அறையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்ற முறை அங்கும் இருந்தது. இருந்தும் நாளுக்கு இரண்டு கருவி போதும் என்று அவர்களே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டி வேகம் காட்டியவனின் மேற்கையில் பக்கத்தில் இருப்பவன் ஒரு குத்து விடுவான். மேயோவின் சகாக்கள் இதைத் தர்க்கத்துக்கு ஒத்துவராத உணர்ச்சி என்று கருதினார்கள். அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம், ஆலையில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். வேகமாகச் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்று அஞ்சிய தொழிலாளிகள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டார்கள். அங்கே காசும் இருக்கிறது, நட்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் தவறு செய்கிறார்கள். ஆட்கள் 14 பேர், கூலி குழு முறையில்: இந்த விவரம் இல்லாமல் அந்த அறையைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடில் எந்தப் படியில் சம்பளம் வரும்?

பதில்: 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மாஸ்லோ பிரமிடு எதையும் வரையவில்லை. தேவைகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறலாம் என்றும் அதே கட்டுரையில் விதிவிலக்குகளை அடுக்கியிருக்கிறார்.

கேள்வி: மாஸ்லோவின் ஐந்து படிகளை ஒவ்வொன்றாக விளக்க முடியுமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். பிரமிடு பற்றி இனிப் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி (மனிதவளப் பிரிவு அலுவலர்): ஆட்களைத் தேர்ந்தெடுக்க மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதை வெளியிடும் நிறுவனமே ஆள்தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உளவியலாளர் யுங்கின் கருத்துகளைத் தழுவி ஒரு தாயும் மகளும் அமைத்த வகைப்பாடு அது. பெரும்பாலான மனிதர்கள் நடுவில் நிற்கும்போது அவர்களை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று 16 பெட்டிகளில் போட்டு அடைக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு பெட்டி கிடைப்பவர்கள் ஏராளம். ஆளுமையை அளந்தே ஆக வேண்டுமென்றால் ஐந்து கூறுகளாக அளக்கும் ஐம்பெருங்கூறு முறை உண்டு. 1991-இல் பாரிக்கும் மவுண்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு என்ற ஒரு கூறுதான் எல்லா வகை வேலைகளிலும் செயல்திறனோடு தொடர்ந்து பொருந்தியது. அந்தத் தொடர்பும் மிதமானதுதான். ஒருவர் செய்யவிருக்கும் வேலையின் ஒரு பகுதியை உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லிப் பார்ப்பது அதைவிட நல்ல சோதனை.

கேள்வி: ஹெர்ஸ்பெர்க் சம்பளம் ஊக்கம் தராது என்று நிரூபித்தார் அல்லவா?

பதில்: பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-இல் எழுதினார். நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் நிர்வாகத்தின் குற்றம் என்று பேசுவது மனித இயல்பு. ஊக்கம் தருவது வேலை, அதிருப்தி தருவது சம்பளமும் நிர்வாகமும் என்ற அவரது பிரிவினை அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. ஆட்கள் யார், கூலி எப்படி என்று மறுபடியும் கேட்கச் சொல்கிறேன். மாதச் சம்பளம் பெறும் பொறியாளரின் மனநிலையைப் பீஸ் ரேட்டில் தைப்பவர் மீது ஏற்றாதீர்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் மூன்று மாதமாக ஓவர்டைம் பணம் வரவில்லை. மேலாளர் ஊக்கப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார். எந்தக் கோட்பாட்டைச் சொல்லி அவருக்குப் புரியவைப்பது?

பதில்: கோட்பாடு எதுவும் வேண்டாம். வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, உடன் வேலை செய்பவர்களையும் கூட்டிக்கொண்டு, உங்கள் வட்டாரத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.