ஆன்சல் ஆடம்ஸின் வழியில் கருப்பு வெள்ளை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலைகளையும் மேகங்களையும் டிஜிட்டல் கேமராவில் எடுத்து, கணினியில் கருப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்டைக் கூட்டி, வானத்தை இருட்டாக்கிப் பார்க்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் படங்களில் உள்ள கம்பீரம் மட்டும் வருவதில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: படத்தை எடுத்து முடித்த பிறகுதான் அது எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் யோசிக்கத் தொடங்குகிறீர்கள். ஆடம்ஸோ, எந்தப் பாறை எவ்வளவு கருமையாகவும் எந்த மேகம் எவ்வளவு வெண்மையாகவும் தாளில் விழ வேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே மனக்கண்ணில் பார்த்துவிடுவார். இந்தப் பார்வை தமக்கு எப்போது கைவந்தது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1927 ஏப்ரல் 10 அன்று, தம் 25ஆம் வயதில், கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டமான கிரானைட் பாறையைப் படமெடுக்க, கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு மலையேறினார். மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு தகட்டில் படம் எடுத்த பிறகுதான், அந்தப் பாறையின் முன் நின்றபோது தமக்குள் எழுந்த பிரமிப்பு அதில் வராது, வானம் பார்த்துப் பழகிய சாம்பல் நிறமாகவே பதிவாகும் என்பது அவருக்கு உறைத்தது. மிச்சமிருந்த கடைசித் தகட்டுக்கு ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரை மாட்டினார். அது நீல ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் வானம் ஏறக்குறையக் கருப்பாக மாறியது. பாறையின் முகம் அந்த இருளுக்கு எதிரே எழுந்து நின்றது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலரும் வானத்தைக் கருப்பாக்குவதுதான் அவருடைய பாணி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. யோசெமிட்டியில் பனிப்புயல் விலகும் தறுவாயில் அவர் எடுத்த புகழ்பெற்ற காட்சியில், மேகத்துக்கும் பாறைக்கும் நடுவே எத்தனை விதமான சாம்பல் நிறங்கள் இருக்கின்றன என்று நிதானமாகப் பாருங்கள். முழுக் கருப்பும் முழு வெள்ளையும் மிகச் சிறிய இடங்களில்தான் இருக்கும். படத்தைத் தாங்கி நிற்பவை நடுத்தரச் சாம்பல்களே. கான்ட்ராஸ்டைக் கண்மூடித்தனமாகக் கூட்டும்போது முதலில் பலியாவது அந்தச் சாம்பல்கள்தாம். ஆகவே அடுத்த முறை முக்காலியை நிறுத்தியதும், விவரம் தெரிய வேண்டிய மிக இருண்ட இடம் எது, விவரம் தெரிய வேண்டிய மிக வெளிச்சமான இடம் எது என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கேமராவின் திரையைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றி, கோப்பை ரா (RAW, சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும்) வடிவில் சேமித்தால் நிறத் தகவல் அனைத்தும் அதில் பத்திரமாக இருக்கும். கண்ணுக்கும் நல்ல பயிற்சியாக அமையும்.

கேள்வி: அவர் வகுத்த ஸோன் சிஸ்டம் ஃபிலிமுக்கானது என்கிறார்கள். டிஜிட்டலில் அதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்த வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்த காலத்தில், 1939–40 வாக்கில், சக ஆசிரியர் ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ஆடம்ஸ் இந்த முறையை உருவாக்கினார். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10 என்று வைத்து, இடைப்பட்ட நிறங்களை ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி இரு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) ஒரு படியாகப் பிரித்தார்கள். எந்தப் பரப்பை அளந்தாலும் ஒளியளக்கும் மீட்டர் அதை 5ஆம் படியாகவே, அதாவது நடுச் சாம்பலாகவே கருதும். ஃபிலிமில் போதிய ஒளி விழாத நிழலை எந்த ரசாயனத்தாலும் மீட்க முடியாது என்பதால், ஆடம்ஸ் நிழலை அளந்து, மீட்டர் சொன்னதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து அதை 3ஆம் படியில் வைப்பார். வெளிச்சம் மிகுந்த பகுதிகளை டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ கட்டுக்குள் கொண்டுவருவார்.

டிஜிட்டல் சென்சாரில் நிலைமை நேர்மாறானது. நிழலை ஓரளவு மீட்கலாம். முழுதாக வெளுத்துப்போன மேகத்தை மீட்கவே முடியாது. எனவே ஸ்பாட் மீட்டரை (சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது) விவரம் தேவைப்படும் மிக வெண்மையான மேகத்தின் மேல் வையுங்கள். மீட்டர் 1/500 நொடி என்று காட்டினால், இரண்டு ஸ்டாப் கூட்டி 1/125 நொடியில் எடுங்கள். மேகம் 7ஆம் படியில், இழைகள் கெடாமல் வெண்மையாக உட்காரும். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நிழல்களைக் கணினியில் தேவையான அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கம் உங்கள் படங்களை மாற்றும் அளவுக்கு வேறெந்தக் கருவியும் மாற்றாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் சிவப்பு ஃபில்டர் ஒன்று வாங்கிவிடட்டுமா?

பதில்: வண்ண சென்சார் உள்ள கேமராவுக்கு வேண்டாம். அதில் நான்கில் ஒரு பங்கு புள்ளிகள்தாம் சிவப்பைப் பதிவு செய்கின்றன. ஃபில்டர் மாட்டினால் மற்றவை ஏறக்குறைய வீணாகிவிடும். ரா கோப்பில் நீலத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் அதே விளைவு கிடைக்கும். மிகையாகக் குறைத்தால் வானத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் தோன்றும், மலை விளிம்பில் வெள்ளைக் கோடு எழும். அந்தக் கோடு தெரியத் தொடங்கும் இடத்துக்கு முன்பாகவே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கணினியில் திருத்துவது ஏமாற்று வேலை, ஆடம்ஸ் அப்படிச் செய்யவில்லை என்று என் நண்பர் வாதிடுகிறார். உண்மையா?

பதில்: இல்லை. இருட்டறையில் அவர் அளவுக்கு உழைத்தவர்கள் குறைவு. பியானோ பயின்றவரான ஆடம்ஸ், நெகட்டிவை இசைக் குறிப்புக்கும் பிரிண்டை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டவர். 1941 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தைக் கடந்து காரில் போகும்போது, நிலவு மேலேறியிருக்க, கல்லறைச் சிலுவைகள் மேல் மாலை வெயில் பட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். பரபரப்பில் மீட்டர் கைக்கு அகப்படவில்லை; நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. கிடைத்த ஒரே நெகட்டிவில் முன்புறம் மெலிந்திருந்ததால், 1948இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தால் வலுவூட்டினார். தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானத்தின் மேற்பகுதியில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் பர்ன் செய்து செய்து (அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டி) அந்த வானத்தை ஏறக்குறையக் கருப்பாகவே ஆக்கிவிட்டார். முந்தியவற்றின் மென்மையே எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் நண்பரிடம் இரண்டு காலத்துப் பிரிண்டுகளையும் அருகருகே காட்டுங்கள். அதன் பிறகு, மென்பொருளில் உள்ள பிரஷ்ஷை எடுத்து ஒரு பாறையை மட்டும் கால் ஸ்டாப் உயர்த்துவதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: அவருடைய குழுவின் பெயரே எஃப் 64 என்பதால், என் லென்ஸில் உள்ள மிகச் சிறிய அபர்ச்சரையே (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எப்போதும் பயன்படுத்துகிறேன். சரிதானா?

பதில்: 1932இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் முதலியோருடன் அவர் அமைத்த அந்தக் குழுவினர் பயன்படுத்தியவை பெரிய ஃபிலிம் கேமராக்கள், அவற்றில் முன்னும் பின்னும் கூர்மையாக வர எஃப் 64 தேவைப்பட்டது. உங்கள் சிறிய சென்சாரில் எஃப் 16ஐத் தாண்டினாலே துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுதும் மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் 11 வரை வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் உள்ள கல்லும் தொலைவில் உள்ள சிகரமும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமானால், ஃபோகஸை மாற்றி மாற்றி இரண்டு மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணையுங்கள்.