காட்டேரிக்குக் காசு எதற்கு?

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் நாஜிகளும் இரத்தக்காட்டேரிகளும் அடித்துக்கொள்ளும் மலிவுப் படங்களை ஓடிடியில் பார்த்துப் பார்த்து வெறுத்துவிட்டது. கையில் காசில்லாதவன் எதற்குப் போர்ப்படம் எடுக்க வேண்டும்? இப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர், ஜப்பான்காரன் காலத்துப் பினாங்கில் காட்டேரி என்று ஒரு படம் எடுக்கப்போகிறார்களாம். செத்தவர்களை அவமதிக்கிற வேலை இல்லையா இது?
— வாசகர் ஒருவர், பட்டர்வொர்த்

பதில்: வெறுத்துவிட்டது என்கிறீர்கள், பார்த்துப் பார்த்து என்றும் சொல்கிறீர்கள். சரி, நீங்களும் நம்ம ஆள்தான்.

காசில்லாததால்தான் ஐயா இந்த வகைப் படமே பிறக்கிறது. காட்டேரி பகலில் வராது, ஆகவே படம் முழுக்க இருட்டு. போர்க்காலத்தில் ஊரே விளக்கணைத்துக் கிடக்கும், இன்னும் இருட்டு. அந்த இருட்டில் அட்டைச் சுவரும் கல்சுவர்தான். வாடகைக்கு நாலு ராணுவ உடுப்பு, ஒரு பங்கர், ஒரு வாளி சிவப்புச் சாயம் போதும். போதாததற்குப் போரில் எவன் எப்படிச் செத்தான் என்று யாரும் தோண்டித் துருவுவதில்லை. காட்டேரிக்கு இதைவிடத் தோதான காலம் ஏது?

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943இல், கொலம்பியா நிறுவனம் பேலா லுகோசியை வைத்து 'தி ரிட்டர்ன் ஆஃப் தி வாம்பயர்' எடுத்தது. ஜெர்மன் குண்டு லண்டன் கல்லறைத் தோட்டத்தில் விழுகிறது. சிதறிய பிணங்களைத் திரும்பப் புதைக்க வந்த இரண்டு பேர், ஒரு பிணத்தின் நெஞ்சில் எதுவோ குத்தி நிற்பதைப் பார்க்கிறார்கள். குண்டுச் சிதறல் என்று நினைத்து, பாவம், பிடுங்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான், காட்டேரி எழுந்துவிட்டது. குண்டு விழாவிட்டால் கதையே இல்லை.

அப்புறம் 2011இல் வந்த, இயக்குநர் உவே போலின் 'பிளட்ரெய்ன்: தி தேர்ட் ரைக்'. நாயகி முதல் படத்தில் 18ஆம் நூற்றாண்டு ருமேனியாவில் இருந்தாள், இரண்டாவதில் அமெரிக்கக் கௌபாய் ஊர், மூன்றாவதில் நாஜிகள். உடுப்பு மாறியது, வேறொன்றும் மாறவில்லை. அதே செட்டில், ஏறக்குறைய அதே நடிகர்களை வைத்து, அதையே கேலி செய்யும் இன்னொரு படத்தையும் கையோடு எடுத்து முடித்தார் மனிதர். சிக்கனத்தைப் பாராட்டலாம். ஆனால் போர் அங்கே வெறும் திரைச்சீலை. உங்களுக்குத் தலைவலி வந்ததற்குக் காரணம் இதுதான், பட்ஜெட் அல்ல.

பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துக் காட்டேரிப் படத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவரே தமிழ்ப் படங்களும் இயக்கிய பி. என். ராவ் தான். 1957இல் சிங்கப்பூரில் வெளியான 'பொந்தியானாக்' (மலாய்க்காரர்களின் பெண் காட்டேரி) அவருடையது. ஆகவே நம்மவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள்.

பினாங்கில் கதைக்கா பஞ்சம்? 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. அடுத்த சில நாளில் வெள்ளைக்காரன் தன் ஆட்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டான். 19ஆம் தேதிதான் ஜப்பான் படை வந்தது. இடையில் ஊருக்கு அரசும் இல்லை, காவலும் இல்லை. கோர்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர் சரவணமுத்து. (பத்திரிகை ஆசிரியர்களும் சில நேரம் உருப்படியான காரியம் செய்வதுண்டு.) குண்டில் செத்தவர்கள் தெருவில் கிடந்த அந்த நாள்களில் காட்டேரி ஒன்று நடமாடினால் யாருக்குத் தெரியும்? பையன்கள் இங்கே தொடங்கலாம்.

அவமதிப்பு என்றீர்களே, அது காட்டேரியால் வராது. 1942, 43இல் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, கூட்டம் சேர்ந்ததும் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்டேரி வாசலில் நின்று, உள்ளே வா என்று யாராவது கூப்பிடக் காத்திருக்கும். இங்கே உள்ளே வா என்று கூப்பிட்டவனே காட்டேரிதான். இதைப் படத்தில் வைக்கத் துப்பிருந்தால் நானே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறேன். மாறாக, தோட்டத்துத் தமிழன் முதல் ரீலில் கழுத்தைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு மட்டும் வருவான் என்றால், உங்களுக்கு முன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

நாஜி இல்லாமல் படம் விற்காது என்று தயாரிப்பாளர் அடம் பிடித்தால் அதற்கும் வழி உண்டு. 1943, 44இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் சுற்றின. ஜெர்மன் மாலுமிகள் இந்த ஊர்த் தெருவில் நடந்தது சரித்திரம், யாரும் குறை சொல்ல முடியாது. நடிக்க ஆள் வேண்டுமானால் பத்து பெரிங்கி கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரர்களைக் கேட்கச் சொல்லுங்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்தால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.