சளி மருந்து இருக்கட்டும், தடுப்பூசி கலந்த தண்ணீர் எது?

கேள்வி: ஐயா, பாகூர் பக்கம் 2,000 கறிக்கோழி வளர்க்கிறேன். 25-ஆம் நாளிலிருந்து ராத்திரி கொட்டகைக்குள் போனாலே கொர கொர என்று சத்தம். என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் மூன்று நாள் அடங்கி, மறுபடி வந்துவிட்டது. 140 கோழி செத்துவிட்டன. அறுத்துப் பார்த்தால் இதயத்திலும் கல்லீரலிலும் பால் ஆடை மாதிரி படிந்திருக்கிறது. போன இரண்டு பேட்ச்சிலும் இதே கதைதான். தடுப்பூசியெல்லாம் நாள் தவறாமல் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். மருந்துக் கடைக்காரர் கோலிஸ்டின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பவுடர் தருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் உயிர்களுக்கு கோலிஸ்டின் விற்கக் கூடாதென்று 2019-லேயே தடை வந்துவிட்டது. அதைத் துணிந்து எடுத்து நீட்டுகிறவரிடம் வைத்தியம் கேட்பதை முதலில் நிறுத்துங்கள்.

அந்தப் பால் ஆடை ஈ.கோலி கிருமியின் வேலை. அது கோழியின் குடலிலும் கூளத் தூசியிலும் எப்போதும் இருப்பதுதான். மூன்று பேட்ச்சாக அதற்குக் கதவைத் திறந்துவிடுவது யார் என்று பாருங்கள். எனக்குக் கம்போரோ என்ற வைரஸ் நோய் மேல்தான் சந்தேகம். பொரித்து மூன்று வாரத்துக்குள் தாக்கினால் குஞ்சு சாகாது, வாடக்கூட வாடாது. ஆனால் எச்சத்துவாரத்துக்கு மேலே, முதுகுப் பக்கம் இருக்கும் பர்சா என்ற சுரப்பியைத் தின்றுவிடும். நோய் எதிர்ப்பு அணுக்கள் முதிர்வது அங்கேதான். அது போனால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது.

அடுத்த கோழியை அறுக்கும்போது பர்சாவையும் மண்ணீரலையும் எடுத்து உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த வயதில் பர்சாதான் பெரிதாக இருக்க வேண்டும். மண்ணீரலைவிடச் சுண்டிக் கிடந்தால் பெரும்பாலும் கம்போரோதான்.

நாள் தவறவில்லை, சரி. எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள்? பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டித் தண்ணீர் என்றால் உயிருள்ள வைரஸால் செய்த தடுப்பூசி கலந்த உடனே செத்துப்போகும். மருந்துக் குப்பியை ஐஸ் இல்லாமல் சட்டைப் பையில் போட்டு பைக்கில் கொண்டுவருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், முந்திக்கொள்ளும் கோழி வயிறு முட்டக் குடிக்கும், ஒதுங்கி நிற்பதற்குச் சொட்டுகூடக் கிடைக்காது. நீலச் சாய மாத்திரை கலந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து நூறு கோழியின் நாக்கைப் பாருங்கள். எத்தனை நீலமாக இல்லையோ, அத்தனைக்கும் நீங்கள் தடுப்பூசி போடவில்லை. 2,000 கோழிதானே, மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு காலைப்பொழுதில் கண் சொட்டாகவே போட்டுவிடலாம். நான் பத்தாயிரம் வரைக்கும் அதைத்தான் சொல்வேன். கூலி மிச்சம் என்று தண்ணீரில் கலப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கை மருந்துக் கடையில் கொட்டுகிறார்கள்.

இருக்கிற கோழிகளுக்கு: நோயுற்ற இரண்டையும் இப்போது செத்த ஒன்றையும் புதுச்சேரி ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மசியும் என்று சோதித்துச் சொல்வார்கள். அதுவரை மழைக்குக் கட்டிய படுதாவின் மேல்பக்கம் ஒரு முழம் திறந்திருக்கட்டும். கோழி உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பாருங்கள், கண் எரிந்தால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு அதிகம்.

கம்போரோ வைரஸ் காலிக் கொட்டகையிலும் நான்கு மாதம் வரை உயிரோடு கிடக்கும். பழைய கூளத்தை வாரி ஊருக்கு வெளியே போட்டு, கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்ட பிறகே அடுத்த குஞ்சை இறக்குங்கள்.