"காலநிலை எப்பவும் மாறிட்டுத்தானே இருக்கு" என்கிறார் மாமா, பேச்சு சண்டையில் முடிகிறது

அந்த வாக்கியத்தை மறுக்காதீர்கள், அது உண்மைதான். "ஆமாம் மாமா, மாறியிருக்கிறது. அப்போது எது மாற்றியது, இப்போது எது மாற்றுகிறது?" என்று கேளுங்கள்.

சண்டை வருவதற்குக் காரணம், பெரும்பாலும் நீங்கள் ஒரே மூச்சில் அடுக்கும் அந்தப் பத்து வரைபடங்கள்தான். ஒன்று போதும். என் தேர்வு இது: சூரியன் உக்கிரமானதால் பூமி சூடாகிறது என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலமோ குளிர்ந்து வருகிறது. அப்படியானால் காரணம் சூரியன் இல்லை, வெப்பத்தைக் கீழேயே பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள்தான். எண் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

பிறகு, "இதில் எது உங்களுக்கு ஒத்துவரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பான சந்தேகம் வந்தால் நல்லது, தொடருங்கள். "எல்லாம் வரி போடத்தான்" என்று தாவினால், அவருடைய தடை அறிவியலில் இல்லை, செலவு பற்றிய கவலையில் இருக்கிறது. அந்தக் கவலையைப் பேசவிட்டுக் கேளுங்கள். அது நியாயமான கவலையும்கூட.

இதைத் தனியாகப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஏதோ ஒரு புயலைக் காட்டி "இது காலநிலை மாற்றத்தால்தான் வந்தது" என்று அடித்துச் சொல்லாதீர்கள். கடும் வெப்ப அலையும் பெருமழையும் அடிக்கடி வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதே சரி.